ரத்துத் தாளின் பின்பக்கம்

திங்கள்

நல்லாந்தோப்பு நெருங்கியதும் ரயில் இன்றும் ஊர ஆரம்பித்தது. பெட்டியில் இருந்தவர்கள் இன்றும் என்னைத் திட்டினார்கள். வரிசைப்படி எழுதினால் முதலில் ரயில், பிறகு திட்டு என்று வரவேண்டும். ஆனால் இன்று ஜன்னலோரம் இருந்த மனிதர் வேகம் குறைவதற்கு முன்பே தொடங்கிவிட்டார்.

"இதோ ஒக்காந்திருக்கா பாருங்க, மகராசி. தில்லைக்கரசியாம் பேரு. இவ போட்ட ஒத்தத் தாளுக்குத்தான் நாம எல்லாம் நத்த மேல போறோம்."

எதிரில் இருந்த பெண் ஜவுளிக்கடையில் வேலை செய்பவள். தாமதமாகப் போவதால் அவளைக் கடை வாசலிலேயே நிறுத்தி வைக்கிறார்கள் என்று கேள்வி. அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"தெரிஞ்சு போட்டியா, தெரியாம போட்டியா?"

நான் யோசித்தேன். உண்மையான பதில் கொஞ்சம் நீளம். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "எதுவா இருந்தா என்ன, என் வேலை போனா போனதுதானே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த நீளமான பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன். பகலில் ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் போடுகிறேன். மாலையில் பாலிடெக்னிக் வகுப்பு. மொழி வகுப்பில் நாட்குறிப்பு எழுதச் சொன்னார்கள். மதிப்பெண் போட்டு முடித்த பிறகும் எனக்கு விட மனமில்லை. இவை போக, பழைய ரயில் தாள்கள் சேகரிக்கும் குழு ஒன்றில் இருக்கிறேன். மனிதர்கள் ரயில் ஓட்டிய காலத்தில் நிலையத்துக்கு நிலையம் எழுதிக் கொடுத்த தாள்கள் அவை. அவற்றைத் தேடி வாங்கி, ஸ்கேன் செய்து, எங்கள் இணையப் பக்கத்தில் எல்லோருக்கும் பொதுவாகப் போடுவோம்.

சென்ற மாதம் ஒரு எச்சரிக்கைத் தாளைப் போட்டேன். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஓட்டுநர் கையில் கொடுத்தது. நல்லாந்தோப்புக்குக் கிழக்கே மக்கள் பாதையைக் கடக்கிறார்கள், வேகம் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்று இருந்தது. மறுநாள் காலையிலிருந்து எல்லா ரயிலும் அந்த இடத்தில் பதினைந்தில் போகின்றன. ஒற்றைப் பாதை என்பதால் ஒன்றுக்காக ஒன்று காத்துக் கிடக்கின்றன.

இப்போது ரயில்களை ஓட்டுவது ஓர் இயந்திரம். அதற்கு நீளமான அரசாங்கப் பெயர் ஒன்று உண்டு. இங்கே எல்லோரும் மாப்பிள்ளை என்பார்கள். முகம் சுளித்தால் வண்டி நின்றுவிடும்; யாரும் எதிர்த்துப் பேச முடியாது.

செவ்வாய்

குழுக் கூட்டம், தணிகாசலம் சார் வீட்டில். அவர் காப்பீட்டுக் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். ரயில்வேயில் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை. ஆனால் எங்களில் பெரிய சேகரிப்பு அவருடையது. ஆல்பத்தை வெறுங்கையால் தொட்டால் காபி தரமாட்டார். இன்று கையுறை போட்டிருந்தும் எனக்குத் தரவில்லை.

"ரயில் பாதைக் கம்பெனிக்காரன் நம்ம பக்கத்தையே மூடணும்னு நோட்டீஸ் விட்டிருக்கான். யாரால? சொல்லு."

"என்னாலதான் சார்."

"வருஷக்கணக்கா நானும் தாள் போடுறேன். ஒரு வண்டி நின்னிருக்கா? மங்கலா போடுவேன், ஓரத்த வெட்டிப் போடுவேன். மாப்பிள்ளைக்குப் படிக்க வராது. நீ என்னடான்னா பளிச்சுன்னு எலைபோட்டுப் பரிமாறிட்ட."

"விதியில இருக்கு சார். முழுப் பக்கம், ரெண்டு புறம், வெட்டாம."

"அந்த விதிய எழுதினவனே நான்தான். அதுக்காக வெத்து முதுகக்கூட ஸ்கேன் பண்ணுவாளா ஒருத்தி?"

எல்லோரும் சிரித்தார்கள். அது உண்மைதான். எழுத்தே இல்லாத பின்பக்கங்களையும் ஸ்கேன் செய்கிறேன். ஒன்றும் இல்லை என்பதையும் காட்டிவிட வேண்டும் என்று தோன்றும். அது முறையா, வெறும் பயமா என்று எனக்கே தெளிவில்லை.

எங்கள் தவறு வேறிடத்தில் இருக்கிறது. எச்சரிக்கைத் தாளில் சிவப்புக் கோடு இருக்கும், முத்திரை இருக்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆபத்து நீங்கியதும் எழுதும் ரத்துத் தாள் மெல்லிய வெள்ளைக் காகிதம். எடைக்குப் போடும் கடையில் ரத்துகளைக் கீழே தள்ளிவிட்டு எச்சரிக்கைகளைப் பொறுக்குவோம். நானும் தள்ளியிருக்கிறேன். அதனால் எங்கள் பக்கத்தைப் படிக்கும் யாருக்கும், அதாவது மாப்பிள்ளைக்கும், இந்தப் பாதை முழுக்க ஆபத்து, எதுவுமே தீரவில்லை என்றுதான் படும். மற்ற இடங்களுக்கெல்லாம் கம்பெனி தன் கிடங்கில் தேடி ரத்துகளை எடுத்துவிட்டது. நல்லாந்தோப்புக்கு மட்டும் கிடைக்கவில்லை.

புதன்

பாதைக் கம்பெனியில் இருந்து பிரசன்னா என்ற அதிகாரி கடைக்கு வந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் அதிகம் இருக்கும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்த ரத்துத் தாள் எங்க?"

"என்கிட்ட இல்ல சார். நான் போட்ட தாளை எடுத்துட்டா சரியாயிடுமா?"

"படிச்சத படிக்காததா ஆக்க முடியாதும்மா. சட்டம் தெரியுமா உங்களுக்கு? அந்த பெரிய விபத்து எப்படி நடந்துச்சு? பாலம் அரிச்சிருக்குன்னு ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் தாள்ல எழுதி வச்சாரு. தாள் டிராயர்ல கிடந்துது. வண்டி ஆத்துல கிடந்துது. அதுக்கப்புறம்தான் சொன்னாங்க, எழுதின எச்சரிக்கை எங்க கிடைச்சாலும் மெஷின் மதிக்கணும், எழுத்துல ரத்து வர்ற வரைக்கும். மனுஷன் யாரும் கை வைக்கக்கூடாது."

"அப்ப நீங்களே புதுசா ஒரு ரத்து எழுதலாமே?"

அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஆபத்து நீங்கிருச்சுன்னு இன்ஜினியர் கையெழுத்துப் போடணும். ஆளுங்க இன்னும் கடந்துகிட்டுதானே இருக்காங்க? நாளைக்கு ஒருத்தன் அடிபட்டா, போட்டவன் உள்ள போவான். இப்ப உயிரோட இருக்கிறவன் எவனும் போடமாட்டான். எங்களுக்கு வேணுங்கிறது செத்தவன் கையெழுத்து."

"அப்படி ஒரு தாள் இருக்கும்னு எப்படிச் சொல்றீங்க?"

"இத்தனை வருஷம் வண்டி வேகமா ஓடுச்சே. ரத்து இல்லாம எப்படி ஓடியிருக்கும்? இருக்கு. உங்க ஆளுங்க யாராவது பதுக்கி வச்சிருப்பீங்க. சனிக்கிழமைக்குள்ள வரல, தாமத வழக்கு உங்க பேர்ல. இந்தக் கடை பேர்லயும்."

கடை முதலாளி கல்லாவில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிரசன்னா போன பிறகு, முதலாளி மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

வியாழன்

என் தாளில் எழுதியிருந்த இடத்தை நான் இறங்கிப் பார்த்ததே இல்லை என்பது நேற்று இரவு உறைத்தது. அரைநாள் விடுப்புப் போட்டு நல்லாந்தோப்பில் இறங்கினேன்.

பாதைக்கு ஒரு பக்கம் செங்கல் சூளைக்காரர்களின் குடியிருப்பு. தண்ணீர்க் குழாயும் பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் மறுபக்கம். குடத்தோடு ஆட்கள் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒரு பெண் குடத்தை இறக்கி வைத்தாள். அவள் பெயர் விருத்தாம்பாள் என்று பிறகு தெரிந்தது.

"பேப்பர்காரி நீதானா? டவுன்ல சொன்னாங்க. கும்புடணுமா திட்டணுமான்னு தெரியல. அங்கியே நில்லு, யோசிச்சிக்கிறேன்."

நின்றேன். அவள் கணவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இங்கே அடிபட்டு இறந்தாராம். சத்தமே இல்லாமல் வருகிற வேக வண்டி.

"அடிச்ச வண்டி நிக்கவேயில்ல. நின்னாத்தான் என்னா, உள்ள யாரு இருக்கா எறங்கிப் பாக்க? கேசு போட்டிருக்கேன், இழுத்துக்கிட்டுக் கெடக்கு. இப்ப ஒரு மாசமா வண்டி ஆமயாட்டம் வருது. புள்ளைங்க தண்டவாளத்துல நின்னு அதுக்கு டாட்டா காட்டுதுங்க."

"இங்க மேம்பாலம் எதுவும் போடலியா?"

"எங்கப்பன் காலத்துலேருந்து வருது வருதுன்னாங்க. அதோ, ரெண்டு கல்லு நட்டாங்க. அதுலதான் ஆடு கட்டுறோம்."

இரண்டு சிமெண்டுத் தூண் மொட்டைகள், இடுப்பளவு உயரம். ஒவ்வொன்றிலும் ஓர் ஆடு.

சொல்லாமல் போயிருக்கலாம். ஆனால் சொன்னேன். பழைய ரத்துத் தாள் ஒன்றைத் தேடுகிறார்கள், கிடைத்தால் வண்டி மறுபடி வேகமாகப் போகும் என்றேன்.

"கெடைச்சா நீயே போட்டுருவியா?"

"கிடைச்சத மறைக்கக்கூடாதுன்னு எங்க குழுவுல விதி."

"ஒன் விதியில மண்ண அள்ளிப் போட." குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். "இனிமே வந்தா வெறுங்கையோட வா. தாளோட வந்தே, அந்த ஆட்டுக்கு நீதான் தீனி."

வெள்ளி

தணிகாசலம் சார் கூப்பிட்டு அனுப்பினார். ஆல்பம் மேசையில் விரிந்திருந்தது. அழகான எச்சரிக்கைத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க, நடுவே மெல்லிய காகிதங்களை வைத்திருக்கிறார். அவ்வளவும் ரத்துத் தாள்கள். நல்லாந்தோப்பு ரத்து, மைசூர் பக்கத்து எச்சரிக்கை ஒன்றுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு இத்தனை வருடமாக அங்கேயே இருந்திருக்கிறது.

"சிரிச்ச, தொலைச்சிடுவேன்" என்றார். நான் சிரிக்கவில்லை. "நான் குடுத்ததுன்னு வெளிய வரக்கூடாது. உன் பேர்லயே போட்டுரு. ரெண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினேன், முன்பக்கம் மட்டும் போதும்னு அந்த பிரசன்னா சொல்லிட்டான்."

பழக்கத்தில் திருப்பினேன். பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் நீல மசியில் எழுதியிருந்தது. தமிழில் சொன்னால்: மேற்படி இடத்தில் நடைமேம்பாலம் கட்டி முடித்து, சோதித்து, ஒப்படைக்கப்பட்டது, எனவே எச்சரிக்கை இனித் தேவையில்லை. கீழே இரண்டு கையெழுத்து.

"சார், அங்க பாலம் இல்ல. நேத்துதான் பார்த்துட்டு வந்தேன்."

"இல்லாட்டி போவுது. நீ என்ன அதுல ஏறியா போகப்போற?"

வாசலுக்கு வந்து பிரசன்னாவுக்குப் போன் செய்தேன்.

"பின்பக்கம் வேண்டாம்" என்றார். "நம்பரும் கையெழுத்தும் முன்னாலேயே இருக்கு."

"பின்னால என்ன எழுதியிருக்குன்னு பார்த்தீங்களா?"

"பார்த்தேன். அதனாலதான் வேண்டாங்கிறேன்."

வகுப்புக்குப் போகவில்லை. மாப்பிள்ளையின் விதிகள் பொதுவில் கிடைக்கும், யாரும் படிப்பதில்லை. உட்கார்ந்து படித்தேன். பாதையின் மேல் உள்ள கட்டமைப்புகள் என்ற பகுதியை இரண்டு முறை படித்தேன். புரிந்துகொண்டது சரிதானா என்ற சந்தேகம் தீரவில்லை.

சனி

காலையில் மறுபடி நல்லாந்தோப்பு. தாளைப் பையில் வைத்திருந்தேன். விருத்தாம்பாள் தூரத்திலேயே கண்டுகொண்டாள்.

"தாளோட வந்துட்டா பாரு."

"இன்னிக்குச் சாயங்காலம் யாரும் பாதையில நிக்க வேண்டாம். புள்ளைங்கள உள்ள வைங்க. வண்டி வேகமா வரும்."

அவள் கத்தவில்லை. இந்த நாட்குறிப்பில் எழுத முடியாத ஒரு வார்த்தையை மெதுவாகச் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒரே ஒரு கல் வந்தது. காலில் பட்டது.

கடைக்குப் போய் ஸ்கேன் செய்தேன். முன்பக்கம், பின்பக்கம், வெட்டாமல். எங்கள் பக்கத்தில் போட்டேன். உடனே எச்சரிக்கை நீங்கியது என்று கம்பெனியின் அறிவிப்பு வந்தது.

அறிவிப்புக்குப் பிறகு வந்த முதல் வண்டி மாலை ரயில்; செய்தி எனக்கு முன்பே அதில் ஏறியிருந்தது. ஜன்னலோர மனிதர், "மகராசிக்கு இப்பத்தான் மனசு வந்துச்சு" என்றார். ஜவுளிக்கடைப் பெண் எனக்குக் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்தாள். நல்லாந்தோப்பு வந்தது. வேகம் குறையவில்லை. யாரோ கைதட்டினார்கள். வெளியே பாதையோரம் முழுக்க ஆட்கள் நின்றிருந்தார்கள். பிள்ளைகளின் தோளை இறுக்கிப் பிடித்தபடி. கற்கள் ஜன்னல் கம்பிகளில் விழுந்தன. நான் கண்களை மூடிக்கொண்டேன்; இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

பிறகு எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தோம். ரயில் கிறீச்சிட்டு நின்றது. ஒலிபெருக்கியில் மாப்பிள்ளையின் வழக்கமான, அவசரமே இல்லாத குரல்.

"அறிவிப்பு. பதிவில் உள்ள நடைமேம்பாலம் காணப்படவில்லை. பாலம் பாதையின் மேல் விழுந்ததாகக் கொள்ளப்படுகிறது. பாலம் மீண்டும் நிறுவப்படும் வரை இப்பாதை மூடப்படுகிறது. பயணிகள் இறங்கி நடக்கவும்."

"எந்தப் பாலம்யா?" என்றார் ஜன்னலோர மனிதர். எட்டிப் பார்த்தார். ஆடுகள் தெரிந்திருக்கும்.

நான் இறங்கி நடந்தேன். விதிகளைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

புதன்

நான்காவது நாளாக ரயில் இல்லை. பேருந்தில் கூட்டம் பிதுங்குகிறது. ஜவுளிக்கடைப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நிறுத்தத்தில் என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள், திட்டவில்லை. திட்டியிருந்தால் எழுத எளிதாக இருந்திருக்கும். குழுவில் இருந்து என்னை நீக்கியதாகத் தணிகாசலம் சார் செய்தி அனுப்பியிருக்கிறார், காரணம் எழுதாமல்.

பிரசன்னா கடைக்கு வந்தார். இந்த முறை உட்கார்ந்தார்.

"வேணும்னுதானே பண்ணீங்க?"

"முழுப் பக்கம் போட்டேன் சார். பாலமே கட்டலன்னு நீங்க ஒரு தாள் குடுத்துட்டா போதுமே. பாதையத் திறந்துடும்."

"திறக்கும். திறந்த உடனே அந்தப் பழைய எச்சரிக்கை உயிரோட எழுந்து வரும். பதினஞ்சு கிலோமீட்டர்."

"வரட்டுமே."

"அது மட்டுமில்ல." குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பாலத்துக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிச்சதா எங்க பதிவுல இருக்கு. இல்லவே இல்லன்னு நாங்க எப்படி எழுதிக் குடுக்கிறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. எழுந்து போகும்போது, "கட்டத்தான் போறோம். உங்களுக்காக இல்ல" என்றார்.

ஞாயிறு, ஒரு மாதம் கழித்து

பாலம் வந்துவிட்டது. எஃகுத் துண்டுகளை லாரியில் கொண்டுவந்து பூட்டினார்கள். ரயில்கள் முழு வேகத்தில் ஓடுகின்றன. பெட்டியில் இப்போது என்னை யாரும் கவனிப்பதில்லை. இங்கேயே எழுத்தை நிறுத்தியிருப்பேன்.

ஆனால் விருத்தாம்பாள் கடைக்கு வந்தாள். கையில் கம்பெனியின் கடிதம். ஆடு கட்ட வேறு இடம் கிடைத்ததா என்று கேட்கலாமா என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை.

"படி. நானும் படிச்சேன். நான் படிச்சதுல ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

விழுந்த பாலத்தை மீண்டும் நிறுவியாயிற்று என்று தொடங்கியது. பதிவுகளின்படி அந்த இடத்தில் நாற்பது ஆண்டுகளாகப் பாலம் இருந்துவந்தது. இறந்தவர் பாலம் இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் தண்டவாளத்தில் கடந்தார். பொறுப்பு அவருடையதே, எனவே வழக்கு தள்ளுபடி செய்யப்பட வேண்டும். ஆதாரம் என்று நான் போட்ட ரத்துத் தாளின் எண்ணைக் குறிப்பிட்டிருந்தார்கள். பின்பக்கம் என்றும்.

"பாலத்துல போகாம, திமிருல கீழ எறங்கிப் போனாராம் எம் புருசன்" என்றாள். "நீ போட்ட தாள்ல இருக்காம்."

பாலம் வரும் என்பதுவரை யோசித்தேன். இதை யோசிக்கவில்லை. அப்படியே அவளிடம் சொன்னேன்.

"யோசிக்கல." அவள் அந்த வார்த்தையைத் திருப்பிப் பார்த்தாள். "எங்களுக்குப் பாலம் கெடைச்சிது. அவரு கெட்டவராப் போயிட்டாரு. பாலத்துல ஏறும்போதெல்லாம் காறித் துப்பணும்போல இருக்கு."

கடிதத்தைத் திருப்பினேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இங்க நடந்தத எழுதுங்க. தேதி, கையெழுத்தோட. எழுதினது எதுவா இருந்தாலும் மாப்பிள்ளை படிக்கும்."

"நீ எழுதேன்."

"நான் எழுதினா என் தாளாயிடும்."

பேனாவை வாங்கிக்கொண்டாள். கல்லா மேசையில் குனிந்து, ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி எழுதினாள்: 'இதுக்கு முன்னால இங்க பாலம் இல்லை. ரெண்டு கல்லு இருந்திச்சு. எங்க வீட்டுக்காரர் போக வேற வழி இல்லை. இன்னும் வயசானவங்க ஏற முடியாம கீழதான் போறாங்க. வண்டி பாத்து வரணும்.' கீழே முழுப் பெயர்.

கடைசி வரியை நான் இரண்டு முறை படித்தேன். எழுதிய எச்சரிக்கை எங்கே கிடைத்தாலும் மாப்பிள்ளை மதிக்க வேண்டும். அவள் அது தெரிந்து எழுதினாளா என்று கேட்கவில்லை.

முதலாளி கல்லாவில் இருந்து, "வேண்டாம் தில்லை" என்றார்.

முதலில் முன்பக்கத்தை ஸ்கேன் செய்தேன். பிறகு பின்பக்கம். குழுப் பக்கத்தில் எனக்கு இடமில்லை என்பதால், என் பெயரில் ஒரு பக்கம் திறந்து அதில் போட்டேன்.

நாளை ரயில் நல்லாந்தோப்பில் ஊரும். ஜன்னலோர மனிதர் தொடங்கிவிடுவார். யாராவது அந்தப் பழைய கேள்வியைக் கேட்பார்கள். இந்த முறை பதில் நீளமில்லை. தெரிந்துதான் போட்டேன்.